வாய் மட்டும் நனையவில்லை

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பாஸ்டர் என் வாயைக் கைக்குட்டையால் பொத்திவிட்டார். எல்லாத் தொல்லைக்கும் அதுதான் காரணம் என்று நாலு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படியும் சொல்ல முடியவில்லை. எனக்கு எதுவுமே சரியாகத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், உங்களுக்காவது ஏதாவது புரிகிறதா பாருங்கள்.

என் பெயர் தையல்நாயகி. மரக்காணம் உப்பளத்தில் உப்புச் சுமக்கும் வேலை. என் வாயைப் பற்றி அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேஸ்திரி, லாரிக்காரன், மாமியார், வழியில் படுத்திருக்கும் மாடு, யாரையும் நான் விட்டதில்லை. "இவ வாயத் தொறந்தா எங்க தெருவுல காக்காகூட உக்காராது" என்பார் என் வீட்டுக்காரர். ஒரு காலத்தில் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. பொய் சொல்லுவானேன், நல்லாவே இருந்தது.

சபைக்கு நான் போன கதை பெரிய கதை இல்லை. ஒருநாள் மழைக்கு ஒதுங்கி சபை கூடும் தகர ஷெட்டுக்குள் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் நாற்பது பேர் இருந்தார்கள், ஒருத்தர்கூட ஒருத்தரைத் திட்டவில்லை. அப்படி ஒரு இடத்தை நான் பார்த்ததே இல்லை. மழை விட்டபிறகும் எழுந்திருக்க மனசு வரவில்லை. அடுத்த வாரம் மழை இல்லாமலே போனேன்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். கடலில் முழுக்குவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து கடல் கொந்தளித்தது, மீன்பிடிக்கிறவர்களே இறங்க வேண்டாம் என்று அறிவிப்பு வந்துவிட்டது. நாங்கள் ஏழு பேர் உபவாசம் இருந்து வெள்ளைப் புடவை கட்டி நிற்கிறோம். உடனே பாஸ்டர், "தண்ணி எல்லாம் ஒண்ணுதான், உப்பளத்துத் தேக்கத்துலயே குடுத்துடலாம்" என்றார். அவர் திண்டிவனம் பக்கத்துக்காரர், கிணற்றுத் தண்ணீரில் நீச்சல் கற்றவர். வெயிலில் வற்றி வற்றிக் கெட்டியான உப்புத் தண்ணீரில் மனுஷ உடம்பு முங்காது என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஆனால் பாஸ்டரிடம் போய் யார் சொல்வது?

நான் கொஞ்சம் கனத்த உடம்பு. அவர் என்னைச் சாய்த்து அழுத்தினார், நான் மேலே வந்தேன். மறுபடி அழுத்தினார், கால் இரண்டும் மேலே வந்தன. கரையில் நின்றவர்கள் அல்லேலூயா சொல்வதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் சபை மூப்பர் தங்கராசு இறங்கி வந்து காலைப் பிடித்துக்கொள்ள, பாஸ்டர் கைக்குட்டையை என் மூக்கோடு வாயோடு சேர்த்து அமுக்கி ஒரே தள்ளாகத் தள்ளினார். தலை, கண், காது, எல்லாம் முங்கியது. வாய் மட்டும் கைக்குட்டைக்குள் காய்ந்தபடி இருந்தது.

கரையேறியதும் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. இனிமேல் புது மனுஷி என்று எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதோடு விட்டேனா? யாரும் சொல்லாத ஒரு காரியத்தை நானே கூடுதலாகச் செய்தேன். வேறு சாமி பெயர் இனி என் வாயில் வரக்கூடாது என்று தீர்மானம் எடுத்தேன். எங்கள் ஊரில் அது எவ்வளவு கஷ்டம் என்று தீர்மானம் எடுத்தபிறகுதான் தெரிந்தது. ஆளுக்கு ஆள் சாமி பெயர். பாஸ்டர் பெயரே சிவஞானம். நல்லவேளை, பாஸ்டர் என்று கூப்பிட்டால் போதும். வீட்டுக்காரர் பெயரை நான் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. என் பெயரும் சாமி பெயர்தான். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் கார்டை நீட்டிவிடுவேன்.

பக்கத்து வீட்டுப் பையன் பெயர்தான் சிக்கல். கொளஞ்சியம்மாளின் ஒரே மகன், ஐயப்பன்.

கொளஞ்சியக்கா என்னோடு இருபது வருஷமாக உப்புச் சுமப்பவள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். ஐயப்பன் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான், இருபத்திரண்டு வயது. என்னை அத்தை என்று கூப்பிடுவான். தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்து வைப்பான், என் போனுக்கு ரீசார்ஜ் செய்வான். ஞானஸ்நானத்துக்குப் பிறகு நான் அவனை "தம்பி", "ஏம்பா", "இங்க பாரு" என்றுதான் கூப்பிட்டேன். அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"அத்த, எம்பேர சொல்லு பாப்போம். சொன்னாத்தான் ரீசார்ஜ்."

"போடா."

"போடா எம்பேரு இல்லியே."

சிரித்துக்கொண்டேதான் கேட்பான். நானும் சிரித்துக்கொண்டே மழுப்புவேன். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. போன ஆடியில் அவன் கீழ்புத்துப்பட்டு தாண்டி வரும்போது நின்றிருந்த லாரியில் பைக்கை விட்டுச் செத்துப்போனான். பாண்டி எல்லையில் குடித்துவிட்டு வந்திருக்கிறான். ஊருக்கே தெரியும். ஆனால் கொளஞ்சியக்கா எதிரில் எல்லோரும் ஒரே மாதிரி, "லாரிக்காரன் லைட்டே போடலயாம்மா, பாவி" என்றார்கள். நானும் சொன்னேன். பத்து மாதம் என் வாய் அந்த விஷயத்தில் தவறவே இல்லை. அதை நினைத்து, பரவாயில்லையே, நாம் மாறித்தான் இருக்கிறோம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

இப்போது போன வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. உப்பு நிரம்பிய கூடையைத் தன் தலையில் தானே ஏற்றிக்கொள்ள முடியாது. முன்னால் நிற்பவள் தூக்கிவிட வேண்டும், பிறகு இவள் கொட்டிவிட்டு வந்து அவளுக்குத் தூக்கிவிட வேண்டும். சண்டை இருக்கலாம், பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கலாம், ஆனால் தூக்கிவிட மாட்டேன் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் அவள் உப்பளத்துக்கு ஆகாதவள். மேஸ்திரி போட்ட சட்டம் இல்லை அது, பெண்களே வைத்துக்கொண்டது. வரிசையில் எனக்குக் கொளஞ்சியக்கா, கொளஞ்சியக்காவுக்கு நான்.

ஒரு வாரமாக எனக்கு முட்டிவலி. முழங்கால்போட்டு ஜெபிப்பதை ஒரு மணி நேரமாகக் கூட்டியிருந்தேன், அதனால் வந்த வலி. கூடையை முக்கால்தான் நிரப்பினேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். கொளஞ்சியக்கா கவனித்திருக்கிறாள்.

"ஏண்டி தையலு, இது உப்புக் கூடையா, துண்ணூறு மடிக்கிற காயிதமா?" என்றாள். "முட்டி போட்டு முட்டி போட்டு முட்டியே தேஞ்சிடுச்சா? மீதிய உங்க ஏசப்பாவ வந்து தூக்கச் சொல்லு."

பத்துப் பெண்களும் சிரித்தார்கள். அவள் சொன்னது உண்மை. அதுதான் சுருக்கென்று தைத்தது. அப்போது அவள் கூடையை நான் அவள் தலையில் ஏற்றிவிட்டிருந்தேன். என் இரண்டு கையும் இன்னும் கூடை விளிம்பில். அவள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

"நான் பாதிக்கூடையே தூக்கறேன்டி. பாண்டி சரக்க ஊத்திக்கினு நின்ன லாரியில முட்டிச் செத்தவனப் பெத்தவ, நீ யாருடி என்ன அளக்கறதுக்கு?"

நான்தான் சொன்னேன். என் காதாலேயே கேட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. கொளஞ்சியக்காவுக்குத் தலையில் பாரம், திரும்பிக்கூடப் பார்க்க முடியாது. வரப்பு மேல் நடந்து போனாள், உப்புக் குவியலில் கொட்டினாள், வெறுங்கூடையோடு திரும்பி வந்தாள். என் கூடை என் காலடியில் இருந்தது. அவள் அறையப்போகிறாள் என்று நினைத்தேன். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் குனிந்து என் கூடையின் விளிம்பைப் பிடித்து, "ம்" என்றாள். தூக்கி என் தலையில் வைத்தாள். கூடை சரியாக உட்கார்ந்ததா என்று ஒருமுறை ஆட்டிக்கூடப் பார்த்தாள். அப்புறம் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

வரப்பில் நடக்கும்போது எனக்குள் இரண்டு பேர் பேசினார்கள். ஒருத்தி, ஐயோ பாவி, என்ன காரியம் பண்ணிட்டே என்று அழுதாள். இன்னொருத்தி, நல்லா கேட்டே, இனிமே வாயத் தொறப்பாளா என்றாள். இரண்டு பேருக்கும் என் குரல்தான்.

அன்று சாயந்திரம் முழங்கால்போட்டேன். ஆண்டவரே மன்னியும் என்று கண்ணீர்விட்டு ஜெபித்துக்கொண்டே இருக்கிறேன், நடுவில் திடீரென்று, 'நாய் மாதிரி' என்பதையும் சேர்த்திருக்கலாமே, 'நாய் மாதிரி ரோட்டுல செத்தவன்' என்றிருந்தால் இன்னும் கச்சிதமாக இருந்திருக்குமே என்று தோன்றியது. ஜெபத்துக்கு நடுவில், கண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே! எனக்கு என்னைப் பார்த்தே பயமாகிவிட்டது. எழுந்து போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் கைக்குட்டை ஞாபகம் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை கொளஞ்சியக்கா வேலைக்கு வரவில்லை. வேலை முடிந்ததும் நேராகச் சபைக்குப் போனேன். பாஸ்டர் தனியாக உட்கார்ந்து கொரகொரவென்று சத்தம் போடும் மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், எனக்கு ஞானஸ்நானம் இன்னொரு தரம் குடுக்கணுங்க. முழுசா வேணாம். வாய்க்கு மட்டும்."

திருப்புளியைக் கீழே வைத்தார். நான் வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னேன். கைக்குட்டை விஷயத்தையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"எல்லாருக்கும் மூக்கத்தான் புடிப்பேன்மா. உங்களுக்கு வாயையும் சேத்துப் பொத்துனேன். ஏன்னா..." என்று இழுத்தார். "ஏற்கெனவே ரெண்டு தரம் மெதந்துட்டீங்க. அந்தத் தண்ணி வாயில போனா நீங்க ஏதாவது சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன். ஜனங்க எல்லாம் நின்னாங்க."

"பாத்தீங்களா? அப்ப வாய் நனையலதானே?"

"அப்பிடி இல்லம்மா. தண்ணி உடம்புல எங்க பட்டுது எங்க படலன்னு இதுல கணக்கு இல்ல. ஒரு தரம் எடுத்தா எடுத்ததுதான்."

"பழைய மனுஷி செத்துட்டான்னு நீங்கதானே பிரசங்கம் பண்ணீங்க?"

"ஆமா."

"செத்துட்டான்னா வியாழக்கிழம பேசுனது யாருங்க?"

பாஸ்டர் மைக்கின் ஒரு திருகாணியை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "முந்தாநாள் என் சம்சாரத்துகிட்ட ஒரு வார்த்த பேசினேன்" என்றார் மெதுவாக. "அது யாரு பேசுனதுன்னு எனக்கும் தெரியலம்மா. பதினெட்டு வருஷமா ஊழியம் பண்றேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறுதல் சொல்ல வேண்டியவர் அவரும் என்கூடச் சேர்ந்து தெரியலம்மா என்றால் நான் எங்கே போவது? அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். தொண்டையைக் கனைத்து, பாஸ்டர் குரலுக்குத் திரும்பிவிட்டார்.

"நாளான்னைக்கு மொத ஞாயித்துக்கிழம, திருவிருந்து. அதுக்கு முன்ன அந்தம்மாகிட்ட போய்ப் பேசி ஒப்புரவாயிட்டு வாங்க. ஒப்புரவாகாம அப்பத்தத் தொடாதீங்க."

சரி என்றேன். மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிர்வார்கள், அதுதான் திருவிருந்து. ஆனால் இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படிப் போவது? மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் இன்னொன்று சொல்லிவிட்டால்? இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பாஸ்டர் கொடுக்காவிட்டால் என்ன, நானே கொடுத்துக்கொள்கிறேன்.

உப்பு வாரியபிறகு பாத்தியின் மூலையில் எண்ணெய் மாதிரி ஒரு தண்ணீர் மிஞ்சும். உப்பாக மாறாத தண்ணீர். கசப்புத் தண்ணி என்போம். கையில் சின்னக் கீறல் இருந்தால்கூட அதில் பட்டால் உயிர் போகும். சாதாரணத் தண்ணீருக்கு என் வாய் அடங்காது, இதுதான் சரி என்று தோன்றியது. சனிக்கிழமை விடிந்ததும் மற்றவர்கள் வருவதற்கு முன் போய், இரண்டு கையாலும் அள்ளி, பாஸ்டர் சொல்கிற வார்த்தைகளையே சொல்லி வாயில் ஊற்றிக்கொண்டேன். நூறு எண்ணும்வரை துப்பவில்லை. நாக்கு, ஈறு, வெயிலில் வெடித்திருந்த உதடு, எல்லாம் தீப்பிடித்தது. தொண்ணூறில் கண்ணீர் வந்தது. வலிக்க வலிக்க ஒரு சந்தோஷம், செத்துத் தொலையட்டும் என்று.

மத்தியானத்துக்குள் வாய் வெந்து வீங்கிவிட்டது. சோறு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்டு வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு வருஷத்துல உங்க சாமி இன்னிக்குத்தான் ஒழுங்கா வேல செஞ்சிருக்குது."

எனக்கு அவரைத் திட்ட வார்த்தை வந்தது. வாய்தான் திறக்கவில்லை. ஆக, வார்த்தை வாயிலிருந்து வரவில்லை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சாயந்திரம் கொளஞ்சியக்கா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கும் அவள் வேலைக்கு வந்திருக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே சுவரில் அவன் போட்டோ, மாலையோடு, சின்ன சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

"அக்கா, நான் பேசுனது தப்பு. மன்னிச்சுடுக்கா." உதடு ஒட்டிக்கொண்டு வார்த்தை குழறியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வாய் என்னாச்சு?"

"கசப்புத் தண்ணியில கொப்புளிச்சேன்."

"பைத்தியமாடி நீ?" என்றாள். மீனைத் திருப்பிப்போட்டுச் செதிலைச் சீவினாள். அப்புறம், "நாளைக்கு மொத ஞாயித்துக்கிழமயா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்பம் குடுக்கற நாளா?"

"ஆமாக்கா." சபை வழக்கமெல்லாம் அவளுக்கு நான்தான் சொல்லியிருக்கிறேன். சண்டை வைத்துக்கொண்டு அப்பம் தொடக்கூடாது என்பதையும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், உங்கள் கோயிலில் இப்படி உண்டா என்று.

"அதுக்காக வந்தியா, எனக்காக வந்தியா?"

உனக்காகத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. வலியால் இல்லை. அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. நாளைக்கு அப்பம் இல்லையென்றால் இன்றைக்கு வந்திருப்பேனா? அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பேனோ? இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடிவயிற்றிலிருந்து அந்தப் பழையவள் கிளம்பினாள். வெந்த வாயோடு வீடு தேடி வந்தவளை உட்காரக்கூடச் சொல்லாமல் கேள்வி கேட்கிறாளே, எவ்வளவு திமிர் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். எங்கள் வீட்டுப் படி ஏறும்வரை பல்லை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அப்பத்தட்டு என்னிடம் வந்தது. எடுக்காமல் பக்கத்தில் கொடுத்தேன். ரசப் பாத்திரமும் வந்தது, அதையும் கொடுத்தேன். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். இதாவது ஒழுங்கான காரியம், தகுதியில்லை என்று ஒதுங்கினேனே என்று மனசு கொஞ்சம் லேசானது. அந்த நிமிஷமே, நான் எடுக்காததை நாலு பேர் பார்த்தார்களா என்று என் கண் ஓரமாக ஓடியது. ஓடியதை நானே பிடித்தேன். போதும்டா சாமி என்றிருந்தது எனக்கு. கெட்டது செய்தால் கெட்டது. நல்லது செய்தாலும் அதற்குள் புழு. வாயைக் கழுவலாம், கண்ணைக் கழுவலாம், இதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

திங்கட்கிழமை கொளஞ்சியக்கா வேலைக்கு வந்திருந்தாள். வரிசை பழைய வரிசைதான், எனக்கு அவள், அவளுக்கு நான். பெண்கள் யாரும் எங்களைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கூடையை விளிம்பு வரைக்கும் நிரப்பினேன். முட்டி கெஞ்சியது. இதுவும் யாருக்குக் காட்டவோ என்று ஒரு கேள்வி வந்தது, அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அவள் வந்து எதிரில் நின்றாள். கூடையைப் பிடிக்கவில்லை.

"அப்பம் தின்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"எதுக்கு வந்தேன்னு கேட்டியேக்கா. எனக்கே தெரியல. ரெண்டுத்துக்குமாத்தான் வந்தேன் போலருக்குது. அதுல உனக்காக எவ்ளோன்னு கேட்டா சொல்லத் தெரியல."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது, பாத்தியெல்லாம் கண்ணைக் கூசியது.

"குடிச்சிருந்தான்னு சொன்ன பாரு, அது நெஜம்தான்" என்றாள். "ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க. லாரி லைட்டு எரிஞ்சிச்சுன்னும் எனக்குத் தெரியும். நீங்கள்லாம் லைட்டு போடல லைட்டு போடலன்னு எனக்காகச் சொல்றீங்க, நானும் உங்களுக்காகக் கேட்டுக்கினு இருந்தேன். அத நீ சொன்னதுல எனக்கு ஒண்ணும் இல்ல."

"அக்கா..."

"செத்தவன்னு சொன்ன. எவனோ ஒருத்தனச் சொல்ற மாதிரி. உன் வூட்டுக்குத் தண்ணி தூக்கிக் குடுத்த புள்ளடி. அவனுக்குப் பேரு இல்லியா?"

நான் கூடையிலிருந்த உப்பைப் பார்த்தேன்.

"நீ முழுக்கு எடுத்ததுலேருந்து எங்கிட்ட வந்து வந்து கேப்பான். அத்த எம்பேர சொல்ல மாட்டேங்குதும்மா, நான் என்னா பண்ணேன்னு. நீ என்னா, வெளயாட்டுக்குக் கேக்கறான்னு நெனச்சியா?"

நான் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். என் வாயிலேயே சுத்தமான இடம் அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இரண்டு வருஷமாக எத்தனை கெட்ட வார்த்தை நழுவினாலும், அந்தப் பெயர் மட்டும் நழுவவில்லை என்று ராத்திரி ஜெபத்தில் ஆண்டவருக்கே ஞாபகப்படுத்தியிருக்கிறேன். அந்த இடத்தில்தான் அந்தப் பிள்ளை வந்து வந்து முட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். எது புதியவள் செய்தது, எது பழையவள் செய்தது? ஒன்றும் பிரிக்க முடியவில்லை.

"சொல்லு" என்றாள் கொளஞ்சியக்கா. "அதே வாயால சொல்லு."

வரிசை நின்றுவிட்டது. அந்தக் கடைசியில் மேஸ்திரி, "என்னாம்மா அங்க?" என்று கத்தினார். எனக்குள் ஒருத்தி, சொல்லாதே, ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு என்றாள். அவள் யார் என்று பார்க்க முகத்தைத் தேடினேன், தெரியவில்லை. இன்னொருத்தி பேசவே இல்லை. என் எதிரில் கொளஞ்சியக்கா மட்டும் நின்றாள், இரண்டு கையும் வெறுமனே தொங்க.

"ஐயப்பன்" என்றேன்.

உதட்டில் காய்ந்திருந்த பொருக்கு வெடித்து ரத்தம் கரித்தது.

"இன்னொரு தரம்."

"ஐயப்பன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் குனிந்து என் கூடையின் விளிம்பைப் பிடித்தாள். "ம், குனி" என்றாள். முழுக்கூடையும் என் தலைக்கு வந்தது. சரியாக உட்கார்ந்ததா என்று ஆட்டிப் பார்த்தாள்.

வரப்பில் நடந்தேன். அவன் பெயரை இன்னும் இரண்டு தரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரீசார்ஜ் கேட்கும் அவன் சிரிப்பு காதில் கேட்டது. சொன்னது பாவமா, இத்தனை நாள் சொல்லாதது பாவமா, அடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பத்தைத் தொடலாமா கூடாதா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. எனக்குள் இருந்த இரண்டு பேரும் அழுதார்கள், அது மட்டும் தெரிந்தது. தலையில் பாரம், இரண்டு கையும் கூடையில். கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாமல் குவியல்வரைக்கும் அப்படியே நடந்து போனேன்.